வாடகை வீட்டின் முன்னுள்ள நடைபாதைப் பனியை அகற்ற வேண்டியவர் யார்?

கேள்வி:
வணக்கம். நாங்கள் ஒரு தனி வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். உரிமையாளர் வேறு நகரத்தில் வசிக்கிறார். பனிப்புயலுக்குப் பின் வீட்டின் முன்னுள்ள நடைபாதையை வழிக்கும் பொறுப்பு யாருடையது என்பது பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. மேலும், நாங்கள் வழித்து முடித்த சற்று நேரத்தில் மாநகராட்சி வண்டி வந்து, தெருப் பனியை எங்கள் கார்ப் பாதையின் குறுக்கே வரம்புபோல ஒதுக்கிவிட்டுப் போகிறது. அதைத் திரும்பத் தெருவிலேயே தள்ளலாமா?

பதில் 1:
நடைபாதை பொதுச் சொத்தாக இருந்தாலும், வட அமெரிக்க நகரங்கள் பலவற்றில் அதன் பனியை அகற்றும் கடமை அதையொட்டிய மனைக்காரருடையது. நியூயார்க் நகர விதி உரிமையாளரோடு நிறுத்திக்கொள்ளாமல், வாடகைதாரர், குடியிருப்பவர் என அந்த இடம் எவர் பொறுப்பில் இருக்கிறதோ அவரையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது; பகலில் பனி நின்றால் பொதுவாக 4 மணி நேரத்துக்குள் வழித்தாக வேண்டும். பாஸ்டனில் 3 மணி நேரமே அவகாசம். பாதையும் சக்கர நாற்காலி செல்லும்படி 42 அங்குல அகலம் இருக்க வேண்டும்.

பனியை வழிக்காததற்கான அபராதம் வேறு, அதில் வழுக்கி விழுந்தவருக்கான இழப்பீடு வேறு. நியூயார்க் 2003இல் கொண்டுவந்த சட்டம், நடைபாதை விபத்துக்கான பொறுப்பை நகரத்திடமிருந்து பெரும்பாலும் மனை உரிமையாளருக்கு மாற்றியது. உரிமையாளர் தாமே குடியிருக்கும் சிறிய வீடுகளுக்கு விலக்கு உண்டு. உங்கள் உரிமையாளரைப் போல வெளியூரில் இருப்பவருக்கு அது பொருந்தாது. உங்கள் நகர விதியும் இவ்வாறே இருக்குமானால், அதைச் சுட்டிக்காட்டி அவருக்கு எழுதுங்கள். பதில் உடனே வரும் என்பது என் கணிப்பு. வாய்ப்பேச்சில் முடித்துக்கொள்ளாமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை நீங்களே வழித்துவிடுவதுதான் பாதுகாப்பு.

பதில் 2:
தெருவில் தள்ளாதீர்கள். பெரும்பாலான நகரங்களில் அது விதிமீறல். தள்ளிய பனி இரவில் இறுகி, வாகனங்களைச் சறுக்கச் செய்யும். வண்டிக்காரர் வேண்டுமென்று செய்வதாக எண்ணவும் வேண்டாம்; வண்டியின் முன்னே பனியைத் தள்ளும் அலகை ஒவ்வொரு வாசலிலும் தூக்கிப் போக அவருக்கு வழியில்லை. வாகனங்கள் வலப்புறம் செல்லும் நாட்டில், தெருவைப் பார்த்து நின்றால் வண்டி உங்கள் இடப்பக்கத்திலிருந்து வரும். எனவே வழித்த பனியை வலப்பக்கம் குவித்து, இடப்பக்கத்தில் தெருவோரமாகச் சிறிது இடத்தையும் வெறுமையாக்கி வைத்தால், அலகு சுமந்துவரும் பனியில் பெரும்பகுதி உங்கள் வாசலுக்கு முன்பே அங்கே இறங்கிவிடும்.

பதில் 3:
தீயணைப்புக் குழாயின் மேலும் வடிகால் வாயிலும் பனியைக் குவிக்காதீர்கள். சாதாரண உப்பு ஏறக்குறைய மைனஸ் 9 பாகை செல்சியசுக்குக் கீழே அவ்வளவாக வேலை செய்யாது. அந்தக் குளிரில் மணல் தூவினால் பிடிமானமாவது கிடைக்கும்.

கேட்டவர்:
மிக்க நன்றி; உரிமையாளருக்கு இன்றே எழுதுகிறேன். புயல் வீசிக்கொண்டிருக்கும்போதே வழித்தாக வேண்டுமா?

பதில் 1:
தேவையில்லை. நான் சொன்ன கால அவகாசம் பனி நின்ற பிறகே தொடங்குகிறது. நியூயார்க் நீதிமன்றங்களும் புயல் ஓய்ந்து நியாயமான நேரம் கடக்கும்வரை பொதுவாக உரிமையாளரைப் பொறுப்பாக்குவதில்லை. ஆயினும் பனி கனமாகக் கொட்டும் நாளில் இடையிடையே வழிப்பது உங்கள் முதுகுக்கு நல்லது.