சோளக் கதிர் முத்துப் பிடிக்காமல் பொக்கையாவது எதனால்? மலேசியாவின் பினாங்கில் வறட்சியை எதிர்பார்த்து விதைக்கிற நான்கு ஊர்க்காரர்கள் பகிர்ந்தவை

புக்கிட் மெர்தாஜாம்:
பினாங்கில் ஜனவரி, பிப்ரவரியில்தான் மழை கைவிடும். இனிப்புச் சோளம் விதைத்து ஏறக்குறைய 50 நாளில் மீசை (கதிர் நுனியில் தொங்கும் பெண் பூ இழை) விடும். டிசம்பர் முதல் வாரம் விதைத்தால் பூப் பருவம் சரியாக வறட்சியில் போய் மாட்டிக்கொள்ளும். அக்டோபர் பாதியில் போட்டால் டிசம்பர் தொடக்கத்தில் மீசை, அதிலிருந்து 20 நாளில் அறுவடை. கிறிஸ்துமஸ், புத்தாண்டு வியாபாரத்துக்கும் கதிர் கைக்கு வந்துவிடும். அந்தத் தேதி தவறினால் மார்ச் கடைசிவரை பொறுப்பது மேல்.

தண்ணீர் குறைந்தாலும் உச்சியில் ஆண் பூ நாள் தவறாமல் வந்துவிடும், மீசைதான் பின்தங்கும். ஆண் பூ மகரந்தம் கொட்டுவது ஒரு வாரம்தான். மீசை வெளியே வரும்போது மகரந்தம் தீர்ந்திருந்தால் கதிரில் முத்து பிடிக்காது. பிறகு எவ்வளவு யூரியா கொட்டினாலும் பயனில்லை.

நிபோங் திபால்:
புக்கிட் மெர்தாஜாம் அண்ணன் சொன்ன தேதி சரி. இடைவெளியையும் பாருங்கள். வரிசைக்கு வரிசை 75 செ.மீ., செடிக்குச் செடி 25 செ.மீ. என்றால் ஒரு ஹெக்டருக்கு 53,000 செடி. குழாய்த் தண்ணீர் நிச்சயமில்லாத நிலத்துக்கு இது அதிகம். 30 செ.மீ. விட்டால் 44,000 ஆகக் குறையும். குழிக்கு இரண்டு விதை போட்டு, மூன்றிலைப் பருவத்தில் மெலிந்ததைத் தரையோடு கத்தரியுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேர் அறும். பாவம் பார்த்து இரண்டையும் விட்டால் இரண்டுமே மலடு.

மிகையினிப்பு (சூப்பர் ஸ்வீட்) ரக விதை சுருங்கியிருக்கும், உள்ளே சத்து குறைவு. ஈரம் தேடி 5 செ.மீ. ஆழத்தில் போட்டால் மேலே வரத் தெம்பிருக்காது. முதல் நாள் பாத்தியை நனைத்துவிட்டு 3 செ.மீ. ஆழத்தில் போடுங்கள். வேலியோரம் ஒற்றை வரிசை வேண்டாம், மகரந்தம் காற்றோடு போய்விடும். குறைந்தது நான்கு வரிசை, சதுரமாக.

கெப்பாலா பத்தாஸ்:
நம் பக்கம் வைக்கோலுக்கா பஞ்சம்? செடி முழங்கால் உயரம் வந்ததும் ஈரம் காயாமல் வரிசை நடுவே அதைப் பரப்பி மூடிவிடுங்கள், தண்டை ஒட்டாமல்.

பாலிக் புலாவ்:
பூக்கும் நாளில் சோளம் ஒரு நாளைக்கு 6 முதல் 8 மி.மீ. தண்ணீர் குடிக்கும். 75க்கு 25 இடைவெளியில் செடிக்கு ஏறக்குறைய 1.3 லிட்டர். மதியம் இலை சுருண்டால் பதறவேண்டாம். காலை எட்டு மணிக்கும் சுருண்டே இருந்தால்தான் ஆபத்து.

முத்து பிடித்ததா என்று அறுவடைவரை காத்திருக்கத் தேவையில்லை. மீசை வந்து ஐந்தாறு நாளில் ஒரு கதிரை ஒடித்து, மீசை அறாமல் மட்டையை மெதுவாக உரித்து, அடியைப் பிடித்து உதறுங்கள். மகரந்தம் சேர்ந்த முத்தின் மீசை உதிரும். சேராதது ஒட்டிக்கொண்டே இருக்கும். அறுவடையில் நுனியில் சுருங்கிய வெள்ளை முத்து தெரிந்தால் அது வேறு கதை: மகரந்தம் சேர்ந்திருக்கிறது, அதற்குப் பிறகு வந்த இரண்டு வாரம் தண்ணீர் போதவில்லை.