மறு: சுடுமல்லிக்குத் ‘தற்கொலை முளைப்பு’ வேண்டாமே

கலைச்சொல் அகராதிக் குழுவினர்க்கு வணக்கம்.

> சூயிசைடல் ஜெர்மினேஷனுக்குத் ‘தற்கொலை முளைப்பு’ என்றே வைத்துவிடலாம். எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். ஒட்டிப் பிழைக்கப் பயிர் இல்லாத இடத்தில் விதையை முளைக்கவைத்துச் சாகவிடுவதைத்தான் அந்த ஆங்கிலச் சொல் குறிக்கிறது. சுடுமல்லி (ஸ்ட்ரைகா) விதை தன்னை மாய்த்துக்கொள்வதில்லை, ஏமாந்து சாகிறது.

மானாவாரிச் சோளத்தில் இந்த ஒட்டுண்ணிக் களையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மண்ணில் ஈரம் இருக்கும்போதே பயிர் வாடி நிற்கும். களை தலைகாட்டும்போது வேரில் சேதம் நடந்திருக்கும். பூக்குமுன் பிடுங்கினால் புது விதை விழாது, அவ்வளவுதான். ஒரு செடி பல்லாயிரம் விதை உதிர்க்கும். தூசி போன்ற அந்த விதை பத்தாண்டுக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும்.

பக்கத்தில் வேர் இருப்பதாகச் சமிக்ஞை வந்தால்தான் அது முளைக்கும். அந்தச் சமிக்ஞை ஸ்ட்ரைகோலாக்டோன். பயிர் அதைக் கசியவிடுவது, மண்ணிலிருந்து சத்தை எடுத்துத்தரும் வேர்ப்பூஞ்சையை அழைக்க. மணிச்சத்து குறைந்த நிலத்தில் இன்னும் அதிகமாகக் கசியும். களை அதை ஒட்டுக்கேட்கிறது. பருத்தி வேரும் இதைக் கசியவிடும் (1966இல் இந்த வகைச் சேர்மம் முதலில் கிடைத்ததே பருத்தி வேர்க்கசிவில்தான்). ஆனால் சுடுமல்லியால் பருத்தியில் ஒட்ட முடியாது. முளைத்த விதையின் கையிருப்பு சில நாளுக்குத்தான், அப்புறம் செத்துவிடும். மேற்குக் கென்யாவில் மக்காச்சோளத்துக்கு நடுவே போடும் டெஸ்மோடியம் என்ற பயறுவகைச் செடி இன்னும் கெட்டி. அதன் வேர்க்கசிவில் ஒரு பொருள் முளைக்கவைக்கும், இன்னொன்று ஒட்டவிடாது.

ஆகவே என் பரிந்துரை ‘வீண்முளைப்பு’. ‘வீண்முளைக்க வைத்தல்’ என்று வினையாகவும் வரும். 1956இல் அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களில் இந்தக் களையைக் கண்டபின், எத்திலீன் வாயுவை மண்ணில் செலுத்தி முளைக்கவைத்தார்களே, அதற்கும் பொருந்தும்.

இப்படி வீண்முளைக்க வைக்கும் பருத்தி போன்ற பயிரைப் ‘பொறிப்பயிர்’ என்பது பற்றியும் ஒன்று. நிலக்கடலை வரப்பில் ஆமணக்கு போட்டுப் புழுவை இழுப்பதற்கு அந்தச் சொல் சரி. புழு ஆமணக்கைத் தின்னும். சுடுமல்லிக்குப் பருத்தியில் ஒன்றும் கிடைக்காது. அதனால் ‘ஏய்ப்புப் பயிர்’ என்கிறேன். சோளத்தையே நெருக்கி விதைத்து, ஒட்டிய களை பூக்குமுன் உழுதுவிடும் முறைக்குப் ‘பலிப்பயிர்’.

இவற்றை அகராதியில் ‘களை ஒழிப்பு’ தலைப்பில் சேர்க்காமல் ‘களை மேலாண்மை’யில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். ஏய்ப்புப் பயிர் குறிவைப்பது ஒட்டுண்ணியின் விதையை. வரப்பிலுள்ள தும்பைக்கும் அதில் தேனெடுக்க வரும் பூச்சிக்கும் ஒன்றும் ஆகாது. களைக்கொல்லி பலவும் அப்படிப் பார்த்துக் கொல்வதில்லை.

சோளக்காட்டில் இதற்கு வேறு சொல் புழங்கினால், எந்த வட்டாரம் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். அதையே எடுத்துக்கொள்வோம்.