‘கம்பெனியிலிருந்து வந்தபடியே’ – இதற்கு ஒரு சொல் வேண்டும்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும், உதவுங்கள்.

எங்கள் பட்டறையில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிற்கிறது. 1959-இல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ஃப் ஹெரால்டைச் சென்னையில் 1961 முதல் கட்டினார்களே, அந்த வண்டி. முன்பக்க சஸ்பென்ஷனை, அதாவது சக்கரத்தின் அதிர்வை வாங்கிக்கொள்ளும் அமைப்பை, முழுக்கக் கழற்றிச் சாக்கு விரித்துப் பரப்பியிருக்கிறோம். வேலை பழகும் பையன்கள் நான்கு பேரும் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் தமிழ்ப் பள்ளிகளில் படித்தவர்கள். பேச்சில் மலையாளம் பாதி கலக்கும். வாசிக்க என்றால் தமிழ்தான் சரளம். எந்தப் பாகத்துக்கு என்ன செய்ய வேண்டும், எதில் கை வைக்கக் கூடாது என்று தமிழில் ஒரு தாள் எழுதிச் சுவரில் ஒட்டப் போகிறேன்.

பாகங்களின் பெயர்களைச் சமாளித்துவிடுவேன். தாளின் தலைப்பில்தான் நிற்கிறேன். வண்டியைப் புதுசாக்குவது அல்ல எங்கள் வேலை. அன்று கம்பெனியை விட்டு எப்படி வெளியே வந்ததோ அப்படி, குறையவும் கூடாது, கூடவும் கூடாது. போன மாதம் இதில்தான் அடிபட்டோம். சக்கரத்தைப் பிடித்து நிற்கும் மேல் ஆர்ம் இரண்டையும் பூச்சுக்காக வெளியே ஒரு கடையில் கொடுத்தேன். “ஒரிஜினல் மாதிரி வேணும்” என்றேன். திரும்பி வந்தபோது, இரும்பில் புடைத்து நின்ற எண்களை அரைத்து வழித்துவிட்டு, மேலே கண்ணாடி மாதிரி பவுடர் கோட்டிங் போட்டிருந்தார்கள். விரலால் தடவிப் பார்த்தேன். எண் இருந்த இடம்கூடத் தெரியவில்லை. செய்தவர் அக்கறையாகத்தான் செய்திருக்கிறார். நான் சொன்ன சொல் அவருக்கு வேறாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

‘அசல்நிலை’ என்று எழுதட்டுமா?

பொள்ளாச்சியிலிருந்து:

தாராளமாக எழுதுங்கள் அண்ணா. ‘அச்சு அசல்’ என்று பாட்டி காலத்திலிருந்து சொல்கிறோம். இதற்கு மேல் தேட என்ன இருக்கிறது?

பாலக்காட்டிலிருந்து:

அவசரப்பட வேண்டாம் தம்பி. இருபது வருடமாக இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். மலையாளத்தில் ‘அஸ்ஸல்’ என்றால் உண்மையானது என்பதோடு, ‘ரொம்பப் பிரமாதம்’ என்றும் பொருள். சாப்பாடு அஸ்ஸலாயிருந்தது என்பார்கள். ‘அசல்நிலை’ என்று ஒட்டினால் நம் பையன்களில் இரண்டு பேராவது ‘பிரமாதமாக ஆக்கு’ என்று படிப்பார்கள். அந்தக் கடைக்காரர் செய்ததையே அவர்களும் செய்வார்கள். எல்லைப் பக்கத்தில் ஒரு சொல்லைப் போடும்போது அது இரண்டு காதிலும் எப்படி விழுகிறது என்று பார்த்தாக வேண்டும்.

உடுமலையிலிருந்து:

ஆசிரியை சொல்வதோடு இன்னொன்றும் சேர்க்கிறேன். அசல் அரபியிலிருந்து வந்த சொல். கலைச்சொல்லாக நிற்கப்போவதற்கு நம் வேரிலிருந்தே எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ‘மூலநிலை’ சொல்லலாம் என்றால் அதுவும் வடசொல், நோயின் பெயரும் கூட. ‘முதனிலை’ இலக்கணத்தில் ஏற்கெனவே வேலை பார்க்கிறது. முதனிலை திரிந்த தொழிற்பெயர் படித்த பிள்ளை குழம்பும். ஆகவே ‘ஈன்றமேனி’ என்கிறேன். ஈன்ற பொழுதில் இருந்த மேனி. தாயின் வேலைக்கு மேல் மருத்துவச்சி எதையும் ஒட்டவைப்பதில்லை அல்லவா? அந்தக் கருத்து சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வண்டிக்கும் தமிழுக்கும் உறவு புதிதல்ல. உப்பு வணிகர் வண்டியின் கீழ்மரத்தில் கட்டிய ‘சேம அச்சு’ புறநானூற்று 102-ஆம் பாட்டில் இருக்கிறது. நாம் ஸ்டெப்னி என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பொள்ளாச்சியிலிருந்து:

ஐயா, ஈன்றமேனி அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் கிரீஸ் கையோடு நிற்கிற பையனிடம் “இந்த போல்ட் ஈன்றமேனி” என்று சொல்ல முடியுமா? பழைய வண்டி வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது “கம்பெனி பெயிண்ட்தானா?” என்றுதான். எங்கள் ஊரில் மட்டுமல்ல, வாளையாறு தாண்டியும் அப்படித்தான். சொல் ஏற்கெனவே தெருவில் இருக்கிறது: ‘கம்பெனிநிலை’.

கோவையிலிருந்து:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நமக்கு வேண்டியது ‘நிலை’யோ ‘மேனி’யோ அல்ல, ‘பதம்’. பாகுக்குப் பதம் உண்டு, இரும்பைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கும் துவைச்சலுக்கும் பதம் உண்டு. பதம் என்றாலே ஓர் அளவில் நிறுத்துவது. குறைந்தாலும் கெடும், மிஞ்சினாலும் கெடும். கொழிஞ்சாம்பாறைக்காரர் கேட்டது இதைத்தானே? ‘ஆலைப்பதம்’ என்று வைப்போம்.

‘சொல்’ எனப் பொருள்படும் வடமொழிப் பதம் வேறு, இது வேறு. பதனிடு, பதப்படுத்து, பதமழை எல்லாம் நம் குடும்பம். பதநீரும் இதே வேர்தான் என்பது என் எண்ணம். இறக்கிய பனஞ்சாறு புளிக்காமல் ஒரு பதத்தில் நிறுத்தப்பட்ட நீர். மலையாளத்திலும் ‘பதம் வருத்துக’ என்றால் இளக்கிப் பக்குவத்துக்குக் கொண்டுவருவது. ஆசிரியை சொன்ன இரண்டு காதிலும் இது சரியாகவே விழும்.

இன்னொன்று, சஸ்பென்ஷனை அப்படியே விட்டுவிட்டீர்களே. கணினி மொழிபெயர்ப்பை நம்பி ‘முன் இடைநீக்கம்’ என்று அச்சடித்த கையேட்டை நானே பார்த்திருக்கிறேன். காருக்கு வேலை போனதுபோல! ‘தொங்கல்’ வேதியியல் பாடத்துக்குப் போய்விட்டது. அந்தக் காலக் கோச்சு வண்டிகளில் பெட்டியைத் தோல்வாரில் தொங்கவிட்டார்கள், ஆகவே ஆங்கிலத்தில் அந்தப் பெயர். நாம் ஏன் தொங்க வேண்டும்? அடியில் வில் வைத்த மாட்டுவண்டி, வில்வண்டி, நம்மிடம் இருந்தது. ‘வில்லமைப்பு’ என்றால் போதும்.

பாலக்காட்டிலிருந்து:

வில்வண்டி என்றதும் மனசு நிறைந்துவிட்டது. கேரளத்தில் அது வெறும் வண்டி அல்ல. ஒடுக்கப்பட்டவர்களுக்கு மறுக்கப்பட்ட பொதுவழியில் 1893-இல் அய்யன்காளி ஓட்டிப்போனது வில்லுவண்டியைத்தான். இங்கே எந்தப் பிள்ளைக்கும் விளக்க வேண்டியதில்லை. வில்லமைப்புக்கு என் முழு ஆதரவு.

உடுமலையிலிருந்து:

வில்லமைப்பில் அதிர்வைத் தணிக்கும் ஷாக் அப்சார்பர் அடங்குமா? அது வில் அல்லவே. ஆலையும் இடிக்கிறது. நம் பக்கம் பஞ்சாலை, கரும்பாலை. கார் கட்டுமிடத்தை எவர் ஆலை என்கிறார்?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

எல்லாச் சொல்லையும் நேற்று பட்டறையில் வாக்கியமாக்கிப் பார்த்தேன். சோதனைக்கு எடுத்தது ட்ரன்னியன். ஹெரால்டில் சக்கரம் திரும்பும் செங்குத்துத் தண்டின் அடியில் மரையேறி நிற்கும் பித்தளைக் கட்டை அது. இடதுக்கும் வலதுக்கும் மரை வேறு. மாற்றி மாட்டக் கூடாது. மேலே பால் ஜாயிண்ட். கீழே உள்ள இதற்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். கிரீஸ் மரைக்குள் சரியாக இறங்காது; மரை காய்ந்து துருப்பிடித்துத் தண்டு முறியும். ஓடும்போது முறிந்தால் சக்கரம் மடங்கிவிடும்.

“கட்டை: ஆலைப்பதம்” என்று எழுதிக் காட்டினேன். மூத்த பையன் உடனே, “அப்போ பெயிண்டும் வேண்டாம், பாலிஷும் வேண்டாம், இல்லையாண்ணா?” என்றான். ‘கம்பெனிநிலை’ என்று எழுதியதற்கு, “புது பார்ட் வாங்கணுமா?” என்று கேட்டான். ஈன்றமேனியைப் படித்துவிட்டு நால்வரும் என் முகத்தையே பார்த்தார்கள். பதத்தில் அந்த ‘மிஞ்சாதே’ இருக்கிறது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

ட்ரன்னியனுக்கும் ஏதாவது தோன்றுகிறதா?

பாலக்காட்டிலிருந்து:

எங்கள் பழைய வீட்டுக் கதவுக்குக் கீல் கிடையாது. மேலும் கீழும் கட்டையிலேயே செதுக்கிய குடுமி, குழியில் நின்று சுழலும். வருடத்துக்கு ஒருமுறை அம்மா அந்தக் குழியில் எண்ணெய் விடுவாள். மரையுள்ள குடுமி, ‘மரைக்குடுமி’ என்றால் என்ன?

பொள்ளாச்சியிலிருந்து:

குடுமி என்றால் எங்கள் பையன்கள் தலையைத்தான் தொட்டுப் பார்ப்பார்கள் அக்கா. ட்ரன்னியன் ட்ரன்னியனாகவே இருக்கட்டும். ஆலைப்பதத்துக்குக் கை தூக்குகிறேன். கம்பெனிதான் சரி என்று இன்னமும் நினைக்கிறேன், ஆனால் திங்கட்கிழமை வருகிறது.

உடுமலையிலிருந்து:

பெரும்பான்மைக்குக் குறுக்கே நிற்கவில்லை. பதத்தை ஏற்கிறேன், ஆலையை ஏற்கவில்லை. ‘பிறவிப்பதம்’ என்றிருந்தால் இரண்டும் நிறைந்திருக்கும். இதை என் கருத்தாகப் பதிந்துவையுங்கள்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

பதிந்தாயிற்று ஐயா. தாளை ஒட்டிவிட்டேன். தலைப்பு: ‘முன் வில்லமைப்பு – ஆலைப்பதம்’. அதன் கீழே சின்ன எழுத்தில் ‘கம்பெனியிலிருந்து வந்தபடியே’ என்றும் போட்டிருக்கிறேன். ட்ரன்னியன் வரிசையில் சொல்லுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். ‘எண்ணெய் மட்டும்’ என்று சிவப்பில் எழுதியாயிற்று. அடுத்த வாரம் பின்பக்கக் குறுக்கு வில்லை இறக்குகிறோம். அதில் அடுக்கிய இரும்புத் தகடுகளை ‘இலை’ என்பதா ‘பட்டை’ என்பதா என்று இப்போதே யோசித்து வையுங்கள்.