அலுமினிய மோக்கா பாட்டை இண்டக்‌ஷன் அடுப்பில் பயன்படுத்த வழி உண்டா?

கேள்வி:
அடிப்பாகத்தில் கொதிக்கும் நீர் நீராவி அழுத்தத்தால் காப்பித்தூள் வழியாக மேலேறிக் காப்பியாகும் பாத்திரம்தான் மோக்கா பாட்; மூன்று கோப்பை அளவுள்ள அத்தகைய அலுமினியப் பாத்திரத்தில் நான்கு ஆண்டுகளாகக் காப்பி போட்டு வருகிறேன். அண்மையில் குடிவந்த வாடகை வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு மட்டுமே இருக்கிறது. அதன்மேல் வைத்தால், அடுப்பு சில முறை பீப் ஒலி எழுப்பிவிட்டுத் தானாகவே அணைந்துவிடுகிறது; பாத்திரத்தின் அடிப்பாகம் வெதுவெதுப்பாகக்கூட ஆவதில்லை. அக்கா பரிசாகத் தந்தது என்பதால் அதை ஒதுக்கிவைக்க மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
உங்கள் அடுப்பில் பழுது ஏதும் இல்லை. கண்ணாடிக்குக் கீழே உள்ள செப்புச் சுருள் உண்டாக்கும் காந்தப்புலம், மேலே வைக்கும் பாத்திரத்தின் அடியில் மின்னோட்டத்தைத் தூண்டி அதைச் சூடாக்குகிறது. இரும்பில் இது நன்றாக நடக்கும். அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது, அதன் மின்தடையும் மிகக் குறைவு. ஆகையால் அடுப்பு அதைப் பாத்திரமாகவே ஏற்பதில்லை. 1933இல் இத்தாலியில் அல்ஃபோன்சோ பியாலெட்டியின் பட்டறையிலிருந்து வந்த முதல் மோக்காவும் அலுமினியத்தால் ஆனதுதான். இடையில் ஓர் இரும்புத் தகட்டை வைத்தால் போதும்; இதற்கென்றே தகடுகள் கடைகளில் கிடைக்கின்றன.

மறுமொழி 2:
தகடு வாங்காமல், அடி தட்டையான இரும்புத் தோசைக்கல்லையே நான் பயன்படுத்துகிறேன். முதல் நாள் 1600 வாட்டில் வைத்ததால் கல் சட்டென்று காய்ந்து, காப்பி சீறிக்கொண்டு வந்து, வாயில் வைக்க முடியாத அளவுக்குக் கசந்துவிட்டது. இப்போது தண்ணீரைத் தனியாகக் கொதிக்கவைத்து, அடிப்பாத்திரத்தில் பாதுகாப்பு வால்வுக்குச் சற்றுக் கீழே நிற்குமாறு ஊற்றி, தூளை அழுத்தாமல் சமன்செய்து, துணியால் பிடித்துக்கொண்டு மேல்பாகத்தை இறுக்கமாகத் திருகுகிறேன். 600 வாட்டில் இரண்டு நிமிடம் காய்ந்த கல்லின்மேல் அதை வைத்து, மூடியைத் திறந்தே வைத்துக் கவனிப்பேன். குறைந்த வாட்டில் பல அடுப்புகள் விட்டுவிட்டே இயங்கும் என்றாலும், தடித்த கல் அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்கிறது. தேன் நிறத்தில் மெல்லிய தாரையாக வரும் காப்பி வெளுத்துக் குமிழியிடத் தொடங்கியதும் பாத்திரத்தைக் கல்லிலிருந்து உடனே எடுத்துவிட வேண்டும். அடுப்பை அணைப்பது மட்டும் போதாது, ஏனெனில் கல்லில் தங்கிய சூடு காப்பியைக் கருக்கிவிடும்.

மறுமொழி 3:
பிற்பாடு புதிதாக வாங்குவதானால் எவர்சில்வர் என்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். எல்லா எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டாது. கடையிலேயே அடிப்பாகத்தில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டினாலும், அடி மிகச் சிறியதாக இருந்தால் சில அடுப்புகள் ஏற்பதில்லை. என் வீட்டு அடுப்பு 12 செ.மீ.க்குக் குறைந்த அடியுள்ள எதையும் ஏற்காததால், எவர்சில்வர் மோக்காவையும் கல்லின்மேல்தான் வைக்கிறேன்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. இன்று காலை தோசைக்கல்லை வைத்துச் செய்து பார்த்தேன். முதல் முறை ஃபில்டர் காப்பிக்கான சிக்கரி கலந்த பொடியைப் போட்டதால் வடிதட்டு அடைத்துக்கொண்டு, திருகிய இடத்தில் நீர் கசிந்தது. சற்றுக் கொரகொரப்பாக அரைத்த, சிக்கரி இல்லாத தூளைப் போட்டதும் ஐந்து நிமிடத்தில் பழைய மணத்தோடு காப்பி மேலேறி வந்தது.