தொடை இடுக்கில் அரிப்பு: க்ரீம் போட்டால் அடங்குகிறது, விட்டால் திரும்ப வருகிறது

தூறல்:
மூன்று மாதமாக இதே பாடு. இரண்டு தொடை இடுக்கிலும் தாங்க முடியாத அரிப்பு, வியர்த்தால் இன்னும் மோசம். பிறை மாதிரி வளைவாக ஒரு தடம் இருக்கிறது, ஓரம் மட்டும் சிவந்து தடித்துப் பொரிப்பொரியாக, நடுவில் ஆறினது போலப் பழுப்பாக. மருந்துக் கடையில் கூச்சத்தில் "அரிப்பு" என்று மட்டும் சொன்னேன், ஒரு க்ரீம் கொடுத்தார்கள். போட்ட இரண்டாம் நாளே அரிப்பு போய்விடும், ஐந்தாறு நாளில் நிறுத்துவேன், அடுத்த பத்து நாளில் முன்பைவிட அகலமாக வந்து நிற்கும். இப்போது பிட்டம் வரை போய்விட்டது. நாளுக்கு இரண்டு தடவை சோப்பு போட்டுத் தேய்த்துக் குளிக்கிறேன், அப்படியும் இப்படி. இது பால்வினை நோயா? வீட்டில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

மழைக்குருவி:
முதலில் பயத்தை விடுங்கள். நீங்கள் சொல்கிற அந்த ஓரம் படர்தாமரையின் அடையாளம், பூஞ்சைத் தொற்று. பால்வினை நோய் கிடையாது, சுத்தக்குறைவும் இல்லை. ஆனால் ஒட்டும், அதனால் வீட்டில் சொல்லிவிடுங்கள், துண்டைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்: அந்த க்ரீம் டியூபில் என்னென்ன மருந்து என்று எழுதியிருக்கிறது? கால்விரல் இடுக்கில் தோல் வெள்ளையாக ஊறி உரிகிறதா?

தூறல்:
குளோபெட்டாசால், நியோமைசின், மைகோனசோல் என்று மூன்று பெயர் இருக்கிறது. கால்... ஆமாம், கடைசி இரண்டு விரலுக்கு நடுவில் உரிகிறது. சேற்றுப்புண் என்று விட்டுவிட்டேன்.

மழைக்குருவி:
அந்த முதல் பெயர்தான் வில்லன். குளோபெட்டாசால் மிக வீரியமான ஸ்டீராய்டு. அது சிவப்பையும் அரிப்பையும் அடக்கும், கூடவே பூஞ்சையை எதிர்க்கிற உங்கள் தோலின் சக்தியையும் அடக்கும். அதனால் மேலே அமைதி, உள்ளே பூஞ்சை பரவுகிறது. அதிலும் அந்த இடத்துத் தோல் மருந்தை எக்கச்சக்கமாக உறிஞ்சும், முன்கையைவிட விரைப்பைத் தோல் ஸ்டீராய்டை 42 மடங்கு உறிஞ்சுகிறது என்று 1967லேயே அளந்து சொல்லியிருக்கிறார்கள். நானும் இதே மாதிரி க்ரீமை எட்டு மாதம் போட்டேன். படர்தாமரை பிறகு குணமாகிவிட்டது, ஆனால் தொடை மடிப்பில் பிரசவத் தழும்பு மாதிரி கோடுகள் விழுந்துவிட்டன, அது இன்னும் அப்படியே இருக்கிறது. தயவுசெய்து இன்றைக்கே நிறுத்துங்கள். நிறுத்தினதும் சில நாள் அரிப்பு கூடும், அதற்குப் பயந்து திரும்ப அதையே எடுத்துவிடாதீர்கள்.

வெள்ளெருக்கு:
தோல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன், மேலே சொன்னது சரி. காலில் இருப்பதும் அதே பூஞ்சைதான் பெரும்பாலும். ஜட்டி போடும்போது காலிலிருந்து இடுக்குக்கு ஏறுகிறது, அதனால் முதலில் சாக்ஸ், பிறகு ஜட்டி, இரண்டு இடத்துக்கும் ஒரே நேரத்தில் மருந்து. சாதாரணமாக டெர்பினாஃபின் 1% க்ரீமை ஒன்றிரண்டு வாரமோ, குளோட்ரிமசோல் 1% என்றால் காலை இரவு 2 முதல் 4 வாரமோ போடச் சொல்வோம், தடத்தின் ஓரத்தைத் தாண்டி 2 செ.மீ. வரை பூச வேண்டும், மறைந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் தொடர வேண்டும். ஆனால் உங்களுடையது ஸ்டீராய்டு பட்டு அகலமாகப் பரவிவிட்டது, மாத்திரை தேவைப்படலாம், அதனால் நேரில் காட்டுங்கள். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள், வலிக்காது. சர்க்கரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சோப்பு போட்டுத் தேய்ப்பதை நிறுத்துங்கள், அது தோலைப் புண்ணாக்கும். குளித்ததும் ஈரமில்லாமல் ஒற்றித் துடைத்தால் போதும்.

ஆற்றுமணல்:
எனக்கும் இடுக்கில்தான், ஆனால் வளையம் கிடையாது, பழுப்பாக ஒரே சீராக இருக்கிறது, அரிப்பும் அவ்வளவாக இல்லை. இதற்கும் அதே க்ரீம்தானா?

வெள்ளெருக்கு:
வேண்டாம், காட்டிவிட்டுப் போடுங்கள். எரித்ராஸ்மா என்று ஒரு பாக்டீரியாத் தொற்று அப்படித்தான் இருக்கும், வுட்ஸ் விளக்கு என்கிற புற ஊதா விளக்கை அடித்தால் பவளச் சிவப்பாக ஒளிரும், அதற்கு மருந்தே வேறு. படர்தாமரை பெரும்பாலும் விரைப்பையை விட்டுவிடும். அங்கேயும் செக்கச்செவேலென்று ஆகி, சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகள் இருந்தால் கேண்டிடா என்கிற வேறு வகைப் பூஞ்சையாக இருக்கலாம். இரவில் அரிப்பு இன்னும் தூக்கி அடித்து, கைவிரல் இடுக்கிலும் ஆணுறுப்பிலும் கொப்புளமோ முடிச்சோ இருந்தால் சிரங்கு, அப்போது வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும்.

தூறல்:
ரொம்ப நன்றி. டியூபைத் தூக்கிப் போட்டாயிற்று. மனைவியிடம் சொன்னேன், அவளுக்கும் இடுப்பில் ஒரு வளையம் இருக்கிறதாம், ஒரு மாதமாகச் சொல்லாமல் இருந்திருக்கிறாள். நாளைக்கு இரண்டு பேருமே போகிறோம்.