சைலன்சரை மாற்றினேன், வண்டி வெடிக்க ஆரம்பித்தது

என்னுடையது ஒற்றை சிலிண்டர் பைக், கணினி அளந்து பெட்ரோல் தெளிக்கும் ஃபியூல் இன்ஜெக்சன் வண்டி. கம்பெனி சைலன்சர் உரல் மாதிரி இருக்கிறது என்பதைத் தவிர அதன்மேல் எனக்கு வேறு குறை கிடையாது. ஸ்லிப்-ஆன் ஒன்று வாங்கினேன். பின்னால் இருக்கும் குடுவை மட்டும்தான் புதுசு. இன்ஜினிலிருந்து வளைந்து வரும் பெண்டு பைப்பும், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் பழையவையே. வாசலில் உட்கார்ந்து நானே மாட்டினேன். மூன்று போல்ட், ஒரு ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்கை இழுத்துக் கொக்கியில் மாட்டுவதற்குள் உயிர் போய்விட்டது.

முதல் நாள் ஒரே சந்தோஷம். மறுநாள், வேகமாகப் போய் ஆக்ஸிலேட்டரை விட்டதும் பின்னால் பட பட பட் என்று வெடி. யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "லீன் ஆகிவிட்டது, ஈசியூவை ரீமேப் பண்ணியே ஆகணும்." அதாவது காற்று கூடிப் பெட்ரோல் குறைந்துவிட்டதாம், பெட்ரோலை அளந்துவிடும் கணினியான ஈசியூவின் கணக்கை மாற்றி எழுத வேண்டுமாம். பயந்துபோய் மெக்கானிக்கிடம் போனேன். அவர் மீட்டர் எதையும் எடுக்கவில்லை. வண்டி ஆறியிருந்த நேரமாகப் பார்த்து ஸ்டார்ட் செய்து, சைலன்சர் வாயைத் துணியால் லேசாக அடைத்து, குடுவையும் பைப்பும் சேரும் இடத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்தார். குமிழ் குமிழாக வந்தது. என்னைத் திரும்பிப் பார்த்து, "பழைய கேஸ்கெட்டையே போட்டீங்களா?" என்றார். ஆமாம், இணைப்பை அடைக்கும் அந்த வளையத்தை அப்படியே போட்டிருந்தேன். ஒருமுறை நசுங்கிய கேஸ்கெட் இரண்டாம் தடவை ஒழுங்காக அடைக்காதாம்.

ஆக்ஸிலேட்டரை விடும்போது அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே போய், எரியாமல் வந்த பெட்ரோலோடு கலந்து, சூடான பைப்புக்குள்ளேயே பற்றிக்கொள்கிறது. புது கேஸ்கெட் போட்டதும் முக்கால்வாசிச் சத்தம் அடங்கிவிட்டது. மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு 'பட்' பழைய சைலன்சரிலும் இருந்திருக்கும், வெளியே கேட்கவிடாமல் அது அமுக்கிவைத்திருக்கும். ரீமேப் பண்ணவே இல்லை. கொஞ்ச நாள் ஓட்டிவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், நல்ல இளம்பழுப்பு, அதாவது கலவை சரியாக இருக்கிறது.

*

உங்களை ஆக்ஸிஜன் சென்சார் காப்பாற்றிவிட்டது நண்பரே. சீராக ஓட்டும்போது அது புகையை மோப்பம் பிடித்து, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்கைச் சுற்றியே வைத்துக்கொள்ளும். ஜெட் என்ற சின்னத் துளைகள் வழியாகப் பெட்ரோல் விடும் என் கார்புரேட்டர் வண்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பெண்டு பைப்பிலிருந்து கடைசிவரை முழு செட் மாற்றினேன். கை அரித்ததால் ஏர் ஃபில்டரையும் திறந்த வகையாகப் போட்டேன். அதுதான் பெரிய தப்பு. காலையில் சோக்கை இறக்கவே முடியாது. பாதி முறுக்கில் வண்டி ஒரு கணம் மூச்சுவிட மறந்ததுபோல் நிற்கும். பெண்டு பைப் நீலம் பாரித்துவிட்டது, பிளக் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துக் கிடந்தது. பெட்ரோல் போதவில்லை என்று மெயின் ஜெட்டை இரண்டு அளவு பெரிதாக்கினேன். அப்புறம் நீடில் கிளிப், அதாவது ஊசியைப் பிடித்திருக்கும் கிளிப்; ஊசி உயர்ந்தால் பெட்ரோல் கூடும். ஊசி மேலே வரவேண்டும் என்றால் கிளிப்பைக் கீழ் வெட்டில் போட வேண்டும். நான் மேல் வெட்டில் போட்டுவிட்டு, இன்னும் மோசமாகிவிட்டதே என்று இரண்டு நாள் ஜெட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன்!

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஐடிலுக்கும் லேசான முறுக்குக்கும் பைலட் ஜெட், நடுவில் ஊசி, முக்கால் முறுக்குக்கு மேல் மெயின் ஜெட். எங்கே திணறுகிறது என்று தெரிந்தால் எதைக் கழற்ற வேண்டும் என்று தெரியும்.

*

இன்ஜெக்சன் வண்டி என்றாலே கவலை இல்லை என்று நினைக்க வேண்டாம். நானும் முழு செட் போட்டவன், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் எடுத்துவிட்டேன். சாதாரணமாக ஓட்டும்போது ஒரு குறையும் தெரியவில்லை. முழுசாக முறுக்கினால் மேலே போகப் போகச் சோர்ந்துவிடும். டைனோவில் (நின்ற இடத்திலேயே ஓட்டிச் சக்தியை அளக்கும் மேடை) ஏற்றி, கலவையைத் துல்லியமாக அளக்கும் வைட்பேண்ட் சென்சார் வைத்துப் பார்த்தால், 13 பக்கம் இருக்க வேண்டிய காற்றுக் கணக்கு 14-ஐத் தாண்டி நிற்கிறது. முழு முறுக்கில் ஈசியூ வண்டியின் ஆக்ஸிஜன் சென்சாரின் பேச்சைக் கேட்பதில்லை, ஏற்கெனவே எழுதிவைத்த மேப்பைப் பார்த்துத்தான் பெட்ரோல் விடுகிறது. அந்த மேப் பழைய பைப்புக்காக எழுதியது. அதைத் திருத்திய பிறகு மேல் வேகம் வந்தது. ஆனால் கீழ் ஆர்பிஎம்மில் இருந்த இழுவை வரவே இல்லை. பைப்பின் விட்டம் இந்தச் சின்ன இன்ஜினுக்கு அதிகம். அதை எந்த மேப்பாலும் சரிசெய்ய முடியாது. புகைப் பரிசோதனையிலும் தோற்றேன், கன்வெர்ட்டர் இருக்கும் பைப்புக்கே திரும்பிவிட்டேன்.

இன்னொன்று: கசிவு சிலிண்டர் பக்கத்தில், சென்சாருக்கு முன்னால் இருந்தால் சங்கதியே வேறு. உள்ளே புகும் காற்றைப் பார்த்து சென்சார் 'லீன்' என்று ஏமாந்துபோகும், ஈசியூ பெட்ரோலைக் கூட்டிவிடும். மைலேஜ் விழுந்து பிளக்கும் கருத்திருந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

*

டியூனிங் கியூனிங் எல்லாம் அப்புறம் அண்ணே. புது ஸ்டீல் பைப்பை மாட்டியதும், முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னால் ஸ்பிரிட் தொட்டு நன்றாகத் துடைத்துவிடுங்கள். கையில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு சூட்டில் அப்படியே சுட்டுப் பதிந்துவிடும். என் வண்டியின் பைப்பில் நான்கு விரல், ஒரு கட்டைவிரல், ரேகையோடு இன்னும் இருக்கிறது.