அப்டேட்: உலுரு போயிட்டு வந்தாச்சு, கார்லயே!

ஆஸ்திரேலியா நடுவுல இருக்கற ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊர்ல இருந்து உலுருங்கற பெரிய பாறை மலைக்கு நாங்க ரெண்டு பேரும் கார்லயே போகலாமா இல்ல ஃப்ளைட்டான்னு போன த்ரெட்ல கேட்டிருந்தேன்ல, கார்லயே போயிட்டு வந்துட்டோம், பதில் போட்ட எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

ரோடு கிட்டத்தட்ட 450 கி.மீ., முழுக்க தார் ரோடு, சாதா கார் போதும். நடுவுல எர்ல்டண்டாங்கற இடத்துல பெட்ரோல் ஃபுல் பண்ணிட்டு மேற்கே திரும்பணும். சாயங்காலம் ஆச்சுன்னா வண்டி எடுக்காதீங்க, கங்காரு, ஒட்டகம், மாடு எல்லாம் ரோட்டுக்கு வந்துடும். போற வழியில மேசை மாதிரி தட்டையா ஒரு மலை தெரியும், அதுதான் உலுருன்னு என் வீட்டுக்காரர் கேமராவ தூக்கிட்டாரு, அது மவுண்ட் கானர், நிறைய பேருக்கு அப்படித்தான் தோணுமாம்.

உலுரு 348 மீட்டர் உயரம். 2019 அக்டோபர்ல இருந்து மேல ஏறக்கூடாது, அது அந்தப் பகுதி பழங்குடிகளான அனங்கு மக்களோட புனிதமான இடம், தடை போட்டது ரொம்ப சரின்னு அங்க நின்னு பாத்தப்போ மனசார தோணுச்சு. சுத்தி 10 கி.மீ. நடக்கலாம், விடியறப்பவே ஆரம்பிச்சிடுங்க. சில இடத்துல போட்டோ எடுக்கக்கூடாதுன்னு போர்டு இருக்கும், தயவுசெஞ்சு மதிங்க.

ஆனா எனக்கு அதவிட பிடிச்சது அதே பார்க்ல இருக்கற கட்டா ஜுட்டா தான், 36 பாறைக் குன்றுங்க, நடுவுல காத்து அடிச்சிட்டே இருக்கு. வெயில் 36 டிகிரி தொடும்னா அங்க காலைல 11 மணிக்கு மேல பாதைய மூடிடுவாங்க, அதனால சீக்கிரம் போங்க. தண்ணி நிறைய வச்சுக்கோங்க, மூஞ்சிக்கு ஈ வலை கண்டிப்பா வாங்குங்க.

நிறைய வீடு, ரூம் எல்லாம் நிலத்துக்கு அடியில இருக்கற கூபர் பீடி ஊருக்கு இந்த தடவை போக முடியல, யாராச்சும் அங்க நிலத்தடி ரூம்ல தங்கியிருந்தா சொல்லுங்க.